வீட்டார் அனுப்பிய ஒரு வரி

கர்த்தருக்குள் பிரியமான மகனுக்கு, அம்மா எழுதுவது.

நாங்கள் சுகமாக ஊர் வந்து சேர்ந்தோம். அப்பாவுக்கு இருமல் மட்டும் இன்னும் விடவில்லை.

நாகாலாந்து கொஹிமாவில் நீ கூட்டிக்கொண்டு போன போர்க் கல்லறைத் தோட்டம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. 1944-இல் பிரிட்டிஷ் தரப்பில் ஜப்பானியப் படையைத் தடுத்து நின்று இறந்தவர்கள், 1,420 கல்லறைகள் என்று சொன்னாய். சண்டை நடந்த டென்னிஸ் மைதானத்தின் கோடுகளை அங்கே குறித்து வைத்திருக்கிறார்களே, அப்பா அவற்றை விட்டு நகரவே இல்லை. இவ்வளவு சின்ன இடத்துக்கு இரண்டு பக்கமும் இருந்து சண்டை போட்டார்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் கல்லறைகளின் வெண்கலத் தகடுகளை வாசித்துக்கொண்டு போனேன். 19 வயது, 21 வயது, 20 வயது. சிலவற்றில் அடியில் ஒரு வரி. வீட்டார் எழுதி அனுப்பியது என்று நீ சொன்ன பிறகு என்னால் வேகமாக நடக்க முடியவில்லை. பிள்ளையின் அடக்கத்துக்கு வர முடியாத ஒரு தாய், கடல் தாண்டி அந்த ஒரு வரியைத்தான் அனுப்பியிருக்கிறாள். என்னிடம் கேட்டால் நான் என்ன எழுதுவேன்? அங்கேயே சொல்ல வாய் வரவில்லை. நீ யூனிஃபார்மில் பக்கத்தில் நின்றாய்.

மேலே, தகனம் செய்யப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களுக்கான நினைவிடத்தில் பெயர்கள் மட்டும்தான். அவர்களைப் பெற்றவர்களையும் நினைத்து ஜெபித்தேன்.

நம் சபையில் இராணுவத்தில் இறந்தவருக்கு ஆராதனை என்றால் யோவான் 15:13 வாசிப்பார்கள். "ஒருவன் தன் சிநேகிதருக்காகத் தன் ஜீவனைக் கொடுக்கிற அன்பிலும் அதிகமான அன்பு ஒருவரிடத்திலுமில்லை." வந்ததும் அங்கிருந்து தொடர்ந்து வாசித்தேன். இயேசு இதைச் சொன்னது பிடிபட்ட இராத்திரியில். அதே இராத்திரிதான் பேதுருவிடம், பட்டயத்தை உறையிலே போடு என்றார். இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. கூட நின்றவனுக்காக உயிரை விட்ட அந்தப் பையன்களிடம் கர்த்தருடைய சாயல் இருக்கிறது, அதை நான் குறைக்கவே மாட்டேன். ஆனால் அவர் சத்துருவுக்காகவும் மரித்தார். மலைமேல் நாம் போன கதீட்ரலைக் கட்ட, அங்கே இறந்த ஜப்பானியரின் சொந்தக்காரர்களும் பணம் கொடுத்தார்கள் என்று சொன்னார்களே, அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. குளிரில் கண் கலங்குகிறது என்று உன்னிடம் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போன் பண்ணு. அப்புறம், படிக்கட்டுப் பக்கத்தில் வீட்டார் வரி இல்லாத ஒரு தகடு இருந்ததே. அடுத்த தடவை போகும்போது எனக்காக அதன் முன்னால் கொஞ்ச நேரம் நில்.

அன்புடன்,
அம்மா