மூன்றரை வாட்டுக்கு ஒரு ஸ்பீக்கர்

அன்பு மகளுக்கு,

நீ கட்டிய ஆம்ப்ளிஃபையரின் படம் வந்தது. இருட்டில் அந்த இரண்டு 2ஏ3 கண்ணாடிக் குழாய் வால்வும் எரிவதை அம்மா நாலு முறை பெரிதாக்கிப் பார்த்தாள். "பிள்ளை கையைச் சுட்டுக்கொள்ளப் போகிறாள்" என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை. சோல்டர் வேலை என்னுடையதைவிடச் சுத்தம்.

98 டெசிபெல் என்று போட்ட, கீழ் ஒலி மேல் ஒலி எல்லாவற்றையும் ஒரே கூம்பில் தரும் ஃபுல் ரேஞ்ச் ட்ரைவர் ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். ஒரு வாரம் பொறு, வாங்கிவிடாதே.

சேனலுக்கு மூன்றரை வாட்தான் என்றால் சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபெல் சத்தம் வரும் என்பது, முக்கியம், அதில் சந்தேகமில்லை. 3 டெசிபெல் கூட வேண்டுமென்றால் வாட் இரண்டு மடங்காக வேண்டும். 86 டெசிபெல் ஸ்பீக்கர் 28 வாட்டில் தரும் சத்தத்தை 95 டெசிபெல் ஸ்பீக்கர் உன் மூன்றரை வாட்டிலேயே தந்துவிடும். 300பி வால்வு 1938-இல் வந்த காலத்தில் சினிமா தியேட்டரையே சில வாட்டில் நிரப்பினார்கள் என்றால், எதிரே ஆள் உயரத்துக்குக் கூம்பாய் விரியும் ஹார்ன் நின்றதுதான் காரணம். கீழ் ஒலியையும் மேல் ஒலியையும் பிரிக்கும் கிராஸ்ஓவர் இல்லாத ஒற்றை ட்ரைவர் இந்த ஆம்புக்குப் பிடிப்பதும் இதனால்தான். இருக்கிற கொஞ்சம் வாட்டை நடுவில் எந்தக் கம்பிச்சுருளும் ரெசிஸ்டரும் தின்பதில்லை. குரலும் ஒரே இடத்திலிருந்து வரும்.

ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்கி நான் ஏமாந்திருக்கிறேன். நீ அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். எட்டு அங்குல ட்ரைவர், காகிதக் கூம்பு, நடுவில் ஒட்டிய சின்னக் கூம்பு, பெரிய காந்தம், 97 டெசிபெல். கையில் இருந்த பழைய பெட்டியில் மாட்டினேன். புல்லாங்குழல் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த மாதிரி இருந்தது, மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியே காணோம். பாடகி மேல் ஸ்தாயிக்குப் போனால் காதில் குத்தியது. அம்மா அடுத்த அறையில் போய் உட்கார்ந்து, "இங்கிருந்து கேட்டால் நன்றாக இருக்கிறது" என்றாள். எனக்கு ரோஷம் வந்தது. ஆறு மாதம், பழகப் பழகச் சரியாகும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

குற்றம் ட்ரைவர் மேல் இல்லை. லேசான கூம்பு, வலுவான காந்தம் சேர்ந்தால் நடு ஒலியில் சென்சிட்டிவிட்டி ஏறும், கீழ் ஒலியான பாஸ் மெலியும். பெட்டியின் முன்பலகை குறுகலாக இருந்தால் இன்னொரு இழப்பு. 25 சென்டிமீட்டர் அகலம் என்றால் சுமார் 450 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி பின்பக்கமும் சுற்றிப் போய்விடுகிறது. முன்னால் கேட்பவனுக்கு 6 டெசிபெல் வரை குறையும். அதைச் சரிக்கட்ட ஒரு கம்பிச்சுருளும் ரெசிஸ்டரும் போட்டேன், குத்தல் நின்றது. 97 என்று வாங்கியது ஏறக்குறைய 92 ஆனது. அப்படியென்றால் முதலிலேயே 93, 94 டெசிபெல்லில் நிதானமாக இருக்கும் ஒன்றை வாங்கியிருக்கலாமே!

அதனால் அட்டவணையில் டெசிபெல்லைப் பார்த்த கையோடு க்யூடிஎஸ் (Qts) என்ற எண்ணையும் பார், கூம்பின் ஆட்டம் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று அது சொல்லும். 0.2 பக்கம் இருந்தால் அது கூம்பின் பின்பக்க ஒலியை ஹார்ன் வழியே வெளியே விடும் பெட்டிக்கான ட்ரைவர், பெட்டி அலமாரி அளவுக்கு வரும். 0.3, 0.4 என்றால் துளை வைத்த ரிஃப்ளெக்ஸ் பெட்டி போதும். 0.5-ஐத் தாண்டினால் பெட்டியே இல்லாமல் பெரிய பலகையில் மாட்டலாம், சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைக்க இடம் இருந்தால். இன்னொன்று: 2.83 வோல்ட்டுக்கு இத்தனை டெசிபெல் என்று போட்டிருந்தால் ஓம் எவ்வளவு என்று பார். 4 ஓம் ட்ரைவருக்கு அது 2 வாட், ஆகவே 3 டெசிபெல் கழித்துக்கொள்.

உன் ஆம்பில் ஃபீட்பேக் (வெளியீட்டைத் திரும்ப உள்ளே அனுப்பித் திருத்தும் ஏற்பாடு) இல்லை என்பதை மறந்துவிடாதே. வெளியீட்டுப் பக்கம் 2, 3 ஓம் தடை இருக்கும். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் (ஏசி மின்னோட்டத்துக்கான தடை) ஏறுகிற இடத்தில் சத்தமும் கொஞ்சம் ஏறும். பாஸ் மெலிந்த ட்ரைவருக்கு அது ஊட்டச்சத்து, ஏற்கெனவே தளர்ந்த ட்ரைவருக்கோ தொப்பை. வால்வு ஆம்பில் பாஸ் இதமாக இருக்கிறது என்று சிலாகிப்பவர்கள் பாதி நேரம் இதைத்தான் கேட்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

நீ ஒரு ஆளாக நாற்காலியில் உட்கார்ந்து கேட்பவள், அறையும் சின்னது. எட்டு அங்குலம் வேண்டாம். அது 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே டார்ச் வெளிச்சம் மாதிரி குறுகிவிடும், தலையைத் திருப்பினால் பாட்டு மாறும். ஆறு, ஆறரை அங்குலம், 94 டெசிபெல், ரிஃப்ளெக்ஸ் பெட்டி. நானாக இருந்தால் அதைத்தான் எடுப்பேன். நூறு பேர் வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராவை முழுச் சத்தத்தில் கேட்க ஆசைப்பட்டால் இந்த வழியே வேண்டாம், அது வேறு ஆம்ப், வேறு ஸ்பீக்கர்.

வாங்கும் முன் ஒரு சோதனை செய். உன் பழைய ட்ரான்சிஸ்டர் ஆம்பில், இப்போதுள்ள 87 டெசிபெல், 8 ஓம் ஸ்பீக்கரில், நீ தாங்கும் உச்சச் சத்தத்துக்குப் பாட்டை வை. வால்யூமைத் தொடாதே. ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு, உச்ச அளவுக்கு 12 டெசிபெல் கீழே பதிந்த 120 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட்டி, ஆம்பின் முனையில் ஏசி வோல்ட் பார். 12 டெசிபெல் என்பது வோல்ட்டில் நாலு மடங்கு, ஆகவே வந்ததை நாலால் பெருக்கு, அதன் வர்க்கத்தை 8-ஆல் வகு. 1 வோல்ட் வந்தால் உனக்கு 2 வாட்தான் தேவை. 94 டெசிபெல் ஸ்பீக்கரில் அது வெறும் 0.4 வாட். இதை வால்வு ஆம்பில் மட்டும் செய்து பார்க்காதே, சுமை இல்லாமல் ஓட்டினால் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

வந்த எண்ணை எழுதி அனுப்பு. பெட்டியின் வரைபடமும் வரட்டும், முன்பலகை அகலத்தை நான் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். ஸ்பீக்கர் வந்ததும் முதலில் அடுத்த அறையிலிருந்து கேட்கச் சொல்கிறாள் அம்மா.

அன்புடன்,
அப்பா