முத்துலட்சுமி ரெட்டி ஒரு மதிப்பெண் விடை அல்ல

சமூக அறிவியல் பாடநூல் எழுதும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். போன வாரம் என் மகள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சென்னை மாகாணச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினர் யார்? முத்துலட்சுமி ரெட்டி. ஒரு மதிப்பெண். அங்கே போய் என்ன செய்தார் என்று கேட்டேன். "தேவதாசி முறையை ஒழித்தார்" என்றாள். எப்படி? அதற்குப் பதில் இல்லை. அவள் மேல் தப்பில்லை.

அந்த 'எப்படி'யை எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தது, ஆண்கள் படித்த மன்னர் கல்லூரியில் இடம் பிடித்தது, 1912-இல் மருத்துவரானது, பின்னாளில் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுப்பியது எல்லாம் பலருக்கும் தெரியும். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சபையில் அவர் பேசியது தன் வீட்டுக் கதையும்தான்.

1927-இல், சிறுமிகளுக்குப் பொட்டுக்கட்டுவதை, அதாவது கோயிலுக்கு நேர்ந்துவிட்டுத் தேவதாசியாக்குவதை, தடுக்கச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். நிறைவேறியது. ஆனால் தீர்மானம் என்பது சட்டம் இல்லையே. அப்புறம் அவர் கைவைத்தது நிலத்தில். தேவதாசிக்குக் கோயில் பணி செய்யும்வரைதான் மானிய நிலம், அதாவது அந்தப் பணிக்காக விடப்பட்ட நிலம். பணியை விட்டால் நிலமும் போகும், சோறும் போகும். அப்படியிருக்க எந்தப் பெண் துணிந்து வெளியே வருவாள்? 1929-இல் இந்து அறநிலையச் சட்டத்தில் அவர் கொண்டுவந்த திருத்தம் அந்த முடிச்சை அவிழ்த்தது. பணி செய்யாவிட்டாலும் நிலம் அவளுக்கே. இந்த ஒரு திருத்தத்துக்காகவே அவருக்குத் தனிப்பாடம் வைக்கலாம் என்பேன்.

எதிர்ப்பும் இருந்தது. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி எதிர்த்தார். தேவதாசிப் பெண்களிலேயே ஒரு பகுதியினர், தங்கள் பிழைப்பும் கலையும் என்னாவது என்று மனு கொடுத்தார்கள். அதையும் மறைக்காமல் எழுதுங்கள், பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். சபைக்கு வெளியே, தானும் அந்த வாழ்க்கையிலிருந்து வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் பேசியதையும் விட்டுவிடாதீர்கள்.

1930-இல் காந்தி கைதானதைக் கண்டித்து முத்துலட்சுமி பதவி விலகினார். அவர் கொண்டுவந்திருந்த பொட்டுக்கட்டுத் தடை மசோதா அப்படியே நின்றது. அது சட்டமானது 1947-இல்.

இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். பாடத்தின் முடிவில் கோடிட்ட இடம் வேண்டாம். ஐந்து மதிப்பெண்ணுக்கு இப்படிக் கேளுங்கள்: 1927-இல் நிறைவேறிய தீர்மானம் சட்டமாக ஏன் இருபது ஆண்டுகள் பிடித்தன?

அன்புடன்,
ஒரு மாணவியின் தாய்