விசா கடிதத்தில் கத்திக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்

விசா வழங்கும் தூதரகங்களுக்கும் குடிவரவுத் துறைகளுக்கும்,

வணக்கம். எவ்வளவு பணம் கொண்டுவரலாம், எந்த மருந்துக்கு மருத்துவர் சீட்டு வேண்டும் என்பதையெல்லாம் விசா கேட்கும்போதே விளக்கமாகச் சொல்லிவிடுகிறீர்கள். பழம் நறுக்கவும் பார்சல் பிரிக்கவும் பலர் கூடவே வைத்திருக்கும் மடக்குக் கத்தியைப் பற்றி மட்டும் கண்ணில் படும் இடத்தில் ஒரு வரி இருப்பது அபூர்வம்.

விமான நிறுவனங்கள் சொல்வது பாதிதான். கைப்பையில் கூடாது, செக்-இன் பெட்டியில் வைக்கலாம் என்பதோடு அவர்கள் பொறுப்பு முடிந்துவிடுகிறது. பயணியும் அப்படியே செய்கிறார். பெட்டி தடையில்லாமல் வந்து சேர்கிறது. சரி, இங்கே அனுமதி உண்டு போல என்று மறுநாள் கத்தியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்குகிறார். தெருவுக்கு வேறு சட்டம் இருப்பதை அவருக்குச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான்.

இங்கிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்தியைக் காரணம் எதுவும் காட்டாமலே வைத்திருக்கலாம். ஆனால் அலகை விரித்ததும் பிடிக்குள்ளிருந்து ஒரு சின்னத் தகடு 'டக்' என்று வந்து முட்டுக்கொடுத்து, கட்டைவிரலால் அதைத் தள்ளினால்தான் கத்தி மடங்கும் என்றால், அந்தச் சலுகை கிடையாது. அலகு எவ்வளவு குட்டையாக இருந்தாலும் சரி, தகுந்த காரணம் காட்ட வேண்டும். இல்லையென்றால் 4 ஆண்டு வரை சிறை. விரல் மேல் மடங்கிவிடக் கூடாது என்பதற்காகவே வைத்த பூட்டு அது. பத்திரமான கத்தியாகப் பார்த்து வாங்கியவர்தான் மாட்டிக்கொள்கிறார்!

"எதற்கு இது?" என்று போலீஸ்காரர் கேட்கும்போது, "ஒரு பாதுகாப்புக்குத்தான்" என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. அங்கே சொல்லவே கூடாத பதில் அது. தற்காப்புக்காக என்றதுமே சின்னப் பேனாக்கத்திகூட ஆயுதமாகிவிடலாம். இந்த ஒரு விஷயத்தையாவது உங்கள் கடிதங்களில் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

ஜெர்மனியில் மடக்குக் கத்திகளில் ஒரே கையால் விரித்துப் பூட்டிக்கொள்ளும் வகைக்குத்தான் பொதுவாகக் கெடுபிடி. ஜப்பானில் பொதுவாக 6 செ.மீ.க்கு மேற்பட்ட அலகுக்குத் தக்க காரணம் வேண்டும். அதைவிடச் சின்னதையும் காரணமில்லாமல் மறைத்து வைத்திருந்தால் சிறு குற்றங்கள் சட்டம் பாயும். திரும்பும் வழியிலும் குழப்பம்தான். கனடாவில் 2017 முதல் 6 செ.மீ. வரையிலான அலகை விமானத்துக்குள்ளேயே கொண்டுபோகலாம், அமெரிக்கா செல்லும் விமானத்தில் மட்டும் கூடாது.

ஒவ்வொரு நாட்டுச் சட்டத்துக்கும் அதற்கான காரணம் இருக்கும். அதைத் தளர்த்தச் சொல்லி இதை எழுதவில்லை. அலகு எவ்வளவு நீளம் இருக்கலாம், அதை எங்கிருந்து அளப்பீர்கள், பூட்டுள்ள கத்திக்கு அனுமதி உண்டா, எதைத் தகுந்த காரணமாக ஏற்பீர்கள், அறையிலேயே விட்டுவிட்டு வருவது நல்லதா என்று ஒரு பத்தி எழுதி, விசா அனுமதி மின்னஞ்சலிலேயே சேர்த்து அனுப்புங்கள். விண்ணப்பப் படிவம் எந்தெந்த மொழிகளில் இருக்கிறதோ, அத்தனை மொழிகளிலும் அது வேண்டும். கடைசியாக எப்போது திருத்தியது என்ற தேதியும் அடியில் இருக்கட்டும். ஜெர்மனி 2024இல் தொலைதூர ரயில்களிலும் கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டது. பழைய தகவலை நம்பி ரயில் ஏறுகிறவர் பாவம்.

இப்படிக்கு,
பயணப் பையில் ஒரு மடக்குக் கத்தி வைத்திருப்பவர்