ரவிக்கு, ட்ரெட்ஜ் டெக் பற்றி

அன்புள்ள ரவி,

உன் கடிதமும், மேஜிக்: தி கேதரிங் ஆட்டத்துக்கான டெக் (சீட்டுக்கட்டு) பட்டியலும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லாரும் நலம். மாலதியைக் கேட்டதாகச் சொல். பாலுவைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்தேன். அவன் மாறவே மாட்டான். அந்தக் குடை விஷயத்தை எடுத்தால் இன்னும் முகம் சிவப்பான். மற்ற சேதியெல்லாம் அடுத்த கடிதத்தில். உன் பட்டியலைப் பேசித் தீர்க்காமல் எனக்கு வேறு எதுவும் எழுத ஓடாது.

கடைசியில் ட்ரெட்ஜ் கட்டத் துணிந்துவிட்டாய், ரொம்ப சந்தோஷம். கார்டு எடுப்பதற்குப் பதில் கட்டின் மேலிருந்து கார்டுகளைக் கிரேவ்யார்டில் (வீசிய, செத்த கார்டுகளின் குவியலில்) கொட்டி, அங்கே கிடக்கும் ட்ரெட்ஜ் கார்டைக் கைக்குத் திருப்புவதுதானே ட்ரெட்ஜ். ஆனால் நீ அனுப்பியது ட்ரெட்ஜ் டெக் இல்லைடா. 19 லேண்டு (ஆட்டச் செலவுக்கான மானாவைத் தரும் கார்டு), நாலு ஃபோர்ஸ் ஆஃப் வில், நாலு பிரெய்ன்ஸ்டார்ம், ட்ரெட்ஜ் உள்ள கார்டு மொத்தமே ஆறு! பழைய ப்ளூ டெக்கைக் கைவிட மனசில்லாமல் அதற்குள் ட்ரெட்ஜைத் திணித்திருக்கிறாய். ஆறு கார்டு இருந்தால், முதல் ஏழில் ஒன்றாவது வர 54 சதவீதம்தான் வாய்ப்பு. பதினொன்று வைத்தால் 78. ட்ரெட்ஜர் (ட்ரெட்ஜ் உள்ள கார்டு) இல்லாத கையோடு இந்த டெக் எதுவும் செய்யாது, அதனால் இந்த இடைவெளியிலேயே பாதி ஆட்டம் போய்விடும்.

எதிராளியின் கார்டைத் தடுக்கும் ஃபோர்ஸ் ஏன் வேண்டாம் என்று கேட்பாய். அது கையில் இருந்தால்தான் பயன். கூடவே இன்னொரு நீலக் கார்டும் கையில் இருக்க வேண்டும். இந்த டெக்கோ கையைக் காலி செய்தபடியே ஓடுவது. பிரேக்த்ரூ (நாலு கார்டு எடுக்கவைத்துக் கையைக் காலி செய்யும் கார்டு) போடும் டர்னில் கையில் இருப்பதெல்லாம் கிரேவ்யார்டுக்குப் போகிறது. அங்கே விழுந்த ஃபோர்ஸ் வெறும் காகிதம். இந்த டெக்கின் காவல், பெயர் சொன்ன கார்டை எதிராளி கையிலிருந்து வீசவைக்கும் கபால் தெரபி. அது கிரேவ்யார்டில் கிடந்தபடியே வேலை செய்யும்.

நான் கட்டச் சொல்வது இது. முதலில் ட்ரெட்ஜர்கள்: கிரேவ் ட்ரோல் 4, ஸ்டிங்க்வீட் இம்ப் 4, கோல்காரி தக் 3. பிறகு நார்கமீபா, இகோரிட், பிரிட்ஜ் ஃப்ரம் பிலோ, பியூட்ரிட் இம்ப் நாலு நாலு. ஃபெய்த்லெஸ் லூட்டிங், கேர்ஃபுல் ஸ்டடி, பிரேக்த்ரூ, கபால் தெரபி, இவையும் நாலு நாலு. ட்ரெட் ரிட்டர்ன் 2, ஃப்ளேம்-கின் ஜெலட் 1. லேண்டு 14 போதும்: செஃபலிட் கொலீசியம் 4, சிட்டி ஆஃப் பிராஸ் 4, மானா கன்ஃப்ளூயன்ஸ் 4, ஜெம்ஸ்டோன் மைன் 2. அறுபது ஆயிற்று. லயன்ஸ் ஐ டைமண்ட் வைத்து ஆடும் வேகமான வகை ஒன்று உண்டு. ஆனால் அது மறுபதிப்பே வராத பட்டியலில் உள்ள கார்டு, அதைத் தேடி அலையாதே. எதிர்ப்புக் கார்டு உள்ள ஆட்டங்களில் டைமண்ட் இல்லாத இந்த வகை நிதானமாகத் தாக்குப்பிடிக்கும்.

மாடர்னில் (மிகப் பழைய கார்டுகள் செல்லாத ஆட்டவகை) ஆடலாமா என்று கேட்டிருந்தாய். முடியாது. ட்ரோலை 2015-இல் அங்கே விடுவித்து 2017 ஜனவரியில் மறுபடி தடை செய்தார்கள். பிரிட்ஜ் 2019 ஜூலையில் போயிற்று. பழைய கார்டுகளும் செல்லும் லெகசி வகையில் இந்தக் குடும்பம் முழுதும் சேர்ந்து இருக்கிறது.

இனி ஒரு டர்னை மெதுவாகப் பார். நீதான் முதலில் ஆடுகிறாய், முதல் கை ஏழு போக, எடுக்கும் கட்டில் 53 கார்டு. முதல் டர்னில் சிட்டி ஆஃப் பிராஸ், பியூட்ரிட் இம்ப். கையில் ட்ரோல் இருக்கிறது. உடனே அதை வீசாதே. கையிலிருந்து கார்டை வீசும் இம்பின் திறனுக்கு மானா வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் வீசலாம். எதிராளி இம்பைக் கொல்ல வந்தால் அதற்குப் பதிலாக அந்த நொடியே வீசிக்கொள். இல்லையென்றால் உன் அடுத்த அப்கீப் (டர்ன் தொடக்கத்தில், கார்டு எடுப்பதற்கு முன் வரும் கட்டம்) வரை அவருக்கு எதையும் காட்டாமல் இரு. அப்கீப்பில் ட்ரோலை வீசு. கார்டு எடுக்க வேண்டிய இடத்தில் எடுக்காமல் ட்ரோலை ட்ரெட்ஜ் செய். மேலிருந்து ஆறு கார்டு கிரேவ்யார்டுக்கு, ட்ரோல் கைக்கு. அந்த ஆறில் இன்னொரு ட்ரெட்ஜராவது விழ 73 சதவீதம் வாய்ப்பு. அது ஸ்டிங்க்வீட் என்று வை.

இப்போது ட்ரோலை இம்ப் மூலம் மறுபடி வீசு. கிரேவ்யார்டில் இரண்டு ட்ரெட்ஜர் இருக்கின்றன. ஒரு நீல மானாவுக்குப் பிரேக்த்ரூ, எக்ஸ் (கையில் வைத்துக்கொள்ளும் கார்டு எண்ணிக்கை) பூஜ்யம். நாலு கார்டு எடுக்கச் சொல்கிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக ட்ரெட்ஜாக மாற்றலாம், முந்தைய ட்ரெட்ஜில் இப்போதுதான் விழுந்த கார்டைக்கூட அடுத்ததற்குப் பயன்படுத்தலாம். ட்ரோல் ஆறு, ஸ்டிங்க்வீட் ஐந்து, வழியில் விழுந்த தக் நாலு, இரண்டாவது ட்ரோல் ஆறு. முன்னதையும் சேர்த்தால் 27 கார்டு கட்டிலிருந்து இறங்கிவிட்டது, அதாவது 53-இல் பாதிக்குச் சற்று மேல். முதல் கையில் நார்கமீபாவும் பிரிட்ஜும் வராதிருந்தால், சராசரியாக ஒவ்வொன்றிலும் இரண்டு இப்போது விழுந்திருக்க வேண்டும். கட்டிலிருந்து விழுந்த நார்கமீபாக்கள் தாமாகவே மேசைக்கு வரும், ஆனால் பிரேக்த்ரூ முழுவதும் முடிந்த பிறகுதான், நடுவில் வராது.

மேசையில் இம்ப், இரண்டு நார்கமீபா, ஆக மூன்று உயிர் (உயிரினக் கார்டு). இதற்காகத்தான் பியூட்ரிட் இம்ப் நாலு. ட்ரெட் ரிட்டர்னின் ஃப்ளாஷ்பேக்குக்கு (கிரேவ்யார்டிலிருந்தே ஆடுவதற்கு) மூன்றையும் பலி கொடு, அது எழுப்ப வேண்டியது கிரேவ்யார்டில் விழுந்த ஜெலட்டை. பலி என்பது செலவு, அதனால் பிரிட்ஜ்கள் (கிரேவ்யார்டில் கிடந்தபடி, உன் உயிர் ஒன்று சாகும்போது ஆளுக்கு ஒரு ஜோம்பி தருபவை) முதலில் பேசும்: மூன்று உயிர், இரண்டு பிரிட்ஜ், ஆறு ஜோம்பி. பிறகு ஜெலட் எழுந்து எல்லாவற்றின் பலத்தையும் ஒன்று கூட்டி, உடனே தாக்கவும் விடும். ஆறு ஜோம்பி தலா 3, பதினெட்டு. ஜெலட் 3. மொத்தம் 21, எதிராளி தொடங்குவதோ 20 உயிர்ப் புள்ளியில். இரண்டாம் டர்னில், மறிக்க ஆள் இல்லாத எதிராளிக்கு அது போதும்.

தெரபியை எப்போது நுழைப்பது என்று யோசி, இங்கேதான் ஆட்டமே. முன்னதாக ஒரு நார்கமீபாவைப் பலி கொடுத்துத் தெரபி போட்டால் இரண்டு ஜோம்பி வரும். ஆனால் ட்ரெட் ரிட்டர்னுக்கு ஒரு ஜோம்பியைக் கொடுக்க வேண்டிவரும், டோக்கன் (ஜோம்பிபோலக் கார்டாக இல்லாத உயிர்) செத்தால் பிரிட்ஜ் அசையாது. கடைசிக் கணக்கு ஐந்து ஜோம்பியும் ஜெலட்டும், 18 தான். எதிராளி ஃபெட்ச் லேண்டு உடைத்தோ ஃபோர்ஸ் போட்டோ 18-க்கு இறங்கியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தெரபியை முதலில் போடு. 20-இல் இருந்தால் அவர் கையில் என்ன இருக்கும் என்று எடைபோட்டு முடிவெடு. “தானா ஆடும் டெக்” என்று பாலு சொல்வானே, அவனை உட்காரவைத்து இந்த ஒரு கணக்கைக் கேள்.

ஜெலட் விழாத டர்ன்களும் நிறைய வரும். ஒரே ஒரு கார்டு அது, 27-இல் விழ ஏறக்குறைய பாதி வாய்ப்புதான். அப்போது அவசரப்பட்டு எல்லாவற்றையும் பலி கொடுக்காதே. தெரபியால் அவர் கையைக் கிழி, ஜோம்பிகளை நிறுத்து, அடுத்த அப்கீப்பில் இகோரிட் எழும். இகோரிட் எழ, கிரேவ்யார்டிலிருந்து வெளியேற்ற வேண்டிய இரை கறுப்பு உயிர்தான்: ஸ்டிங்க்வீட், தக், பியூட்ரிட் இம்ப். ட்ரோல் பச்சை, அது இரையாகாது. அப்கீப் முடிந்த பிறகு விழுந்த இகோரிட் அந்த டர்னில் எழாது.

உன் கை பற்றி ஒன்று. ஏழு கார்டும் நல்லதாக இருக்க வேண்டும் என்ற ஆசையை விடு. ஒரு லேண்டு, ஒரு ட்ரெட்ஜர், அதை வீச ஒரு வழி, இந்த மூன்று போதும். மற்ற நாலும் எதுவானால் என்ன? இதில் ஒன்று குறைந்தால் தயங்காமல் முல்லிகன் (கையைத் திருப்பிப் போட்டு மறுபடி ஏழு எடுத்து, ஒன்றைக் கட்டின் அடியில் வைப்பது) போடு. ஆறு கார்டு, ஐந்து கார்டு இந்த டெக்குக்குப் பெரிய இழப்பில்லை. அடியில் வைக்கும்போது முதலில் போக வேண்டியது நார்கமீபா. பிரிட்ஜும் ட்ரெட் ரிட்டர்னும் கையில் வந்தால்கூட வீசிப் பயன்படுத்தலாம். நார்கமீபா கையிலிருந்து வீசினால் எழாது, கட்டிலிருந்து விழுந்தால்தான் எழும்.

எங்கே கெடும் என்பதையும் கேட்டுக்கொள். எதிராளியின் உயிர் ஒன்று செத்து அவர் கிரேவ்யார்டுக்குப் போனால் உன் பிரிட்ஜ்கள் அத்தனையும் வெளியேறும். ஆர்கிஷ் போமாஸ்டர்ஸ் (மேசைக்கு வந்ததும், எதிராளி கூடுதலாகக் கார்டு எடுக்கும்போதும் அம்பு எய்யும் உயிர்) வைத்திருப்பவர் தன் போமாஸ்டரையே தன் அம்பால் கொன்று இதைச் செய்வார். நீ பலி கொடுத்து ஜோம்பி வரக் காத்திருக்கும் இடைவெளியிலும் செய்வார், அப்போது ஒரு ஜோம்பிகூட வராது. ஆகவே அவரிடம் இரண்டு மானா திறந்திருந்தால் தெரபியில் அதன் பெயரைச் சொல்லத் தயங்காதே. நல்ல சேதியும் உண்டு: ட்ரெட்ஜ் செய்தால் கார்டு எடுத்த கணக்கில் வராது, போமாஸ்டர்ஸின் மற்ற அம்புகள் பாயாது. நார்செட், பார்ட்டர் ஆஃப் வெய்ல்ஸ் அப்படியில்லை. ஒரு டர்னில் இரண்டாவது கார்டு எடுக்கவே தடை என்பதால், அந்த டர்னில் ட்ரெட்ஜ் செய்யாமல் ஒரு கார்டை உண்மையாகவே எடுத்துவிட்டால் பிறகு ட்ரெட்ஜும் கிடையாது, பிரேக்த்ரூ செத்தது. கட்டில் ஆறுக்குக் குறைவாக இருந்தால் ட்ரோலைத் தூக்க முடியாது என்பதையும் கடைசிக் கட்டத்தில் மறக்காதே.

மேசைப் பழக்கம் ஒன்று. லெகசியில் பழைய கார்டுகள் செல்லும் என்பதால் கிரேவ்யார்டின் வரிசையை மாற்றக்கூடாது. பிரிட்ஜை ஒரு பக்கம், நார்கமீபாவை ஒரு பக்கம் என்று பிரித்து வைக்க உனக்குக் கை அரிக்கும், எனக்குத் தெரியும். விழுந்த வரிசையிலேயே, ஒவ்வொன்றின் பெயரும் தெரியும்படி சரிவாகப் பரப்பு. ஜோம்பி டோக்கன் ஒரு டஜனாவது வைத்துக்கொள். ஒவ்வொரு நார்கமீபாவையும் வாய்விட்டுச் சொல்லி இறக்கு.

இனி நான் உண்மையிலேயே கவலைப்படும் விஷயம். முதல் ஆட்டம் உன்னுடையதாகவே பெரும்பாலும் இருக்கும். இரண்டாவதில் எல்லாரும் உன் கிரேவ்யார்டுக்கு எதிராகக் கார்டு இறக்குவார்கள். உன் சுபாவம் எனக்குத் தெரியும்: பயந்துபோய்ப் பத்துக் கார்டு மாற்றுவாய். அப்படி மாற்றிய டெக் எதிராளி கையில் ஒன்றுமே இல்லாதபோதும் தோற்கும். மூன்று, நாலுக்கு மேல் மாற்றாதே. வெளியே போக வேண்டியவை ஜெலட், ஒரு ட்ரெட் ரிட்டர்ன், ஓரிரு பிரேக்த்ரூ. ட்ரெட்ஜரையும் லேண்டையும் தொடாதே.

எதிர்ப்புக் கார்டு எல்லாம் ஒன்றில்லை. லேலைன் ஆஃப் தி வாய்டு, ரெஸ்ட் இன் பீஸ் இரண்டும் கிரேவ்யார்டுக்குப் போவதையெல்லாம் ஆட்டத்திலிருந்தே வெளியேற்றும்; மேசையில் இருக்கும்வரை உனக்கு வழியே இல்லை, உடைக்க வேண்டும். அதற்கு நேச்சர்ஸ் கிளெய்ம் 3, ஃபோர்ஸ் ஆஃப் விகர் 3 வை. விகர் எதிராளியின் டர்னில் மட்டும்தான் மானா இல்லாமல் வரும், அதற்கு வெளியேற்ற ஒரு பச்சைக் கார்டு வேண்டும், உன்னிடம் அது ட்ரோலோ, கிளெய்மோ, இன்னொரு விகரோதான். கிளெய்முக்குப் பச்சை மானா வேண்டும், கொலீசியம் நீலம் மட்டுமே தரும். எந்த லேண்டை முதலில் இறக்குகிறாய் என்பதைப் பார். கிராஃப்டிகர்ஸ் கேஜ் இருந்தால் ட்ரெட்ஜ் நடக்கும், ஆனால் நார்கமீபா, இகோரிட், ஃப்ளாஷ்பேக் எதுவும் நடக்காது. நிறைத்து வைத்துக்கொண்டு உடைக்கக் காத்திரு. டார்மாட்ஸ் கிரிப்ட் கிரேவ்யார்டை ஒருமுறை காலி செய்யும், ஒரே அடி. கொஞ்சமாகக் கொட்டி அதை வெளியே இழு, பிறகு முழுதாகப் போ. எண்டியூரன்ஸ் உன் கிரேவ்யார்டையே கட்டின் அடிக்கு அனுப்பும். அதை ஆடுபவர் எதிரே இருந்தால் கையில் ஒரு ட்ரெட்ஜரை எப்போதும் பிடித்து வை, அடுத்த டர்னே மறுபடி தொடங்கலாம். சர்ஜிக்கல் எக்ஸ்ட்ராக்‌ஷன் ஒரே பெயரைத்தான் எடுக்கும், ஆகவே கிரேவ்யார்டில் இரண்டு வெவ்வேறு ட்ரெட்ஜர் இருந்தால் அசையாமல் இரு. ட்ரெட்ஜ் நடக்கும் கணத்தில் யாரும் குறுக்கே வர முடியாது, வந்தால் அதற்கு முன்னே அப்கீப்பில்தான்.

சைட்போர்டில் (ஆட்டங்களுக்கு இடையே மாற்றிக்கொள்ளும் 15 கார்டு) மிச்சம் ஒன்பது இடம். அதை நான் நிரப்பப் போவதில்லை. உங்கள் மேசையில் யார் எதை ஆடுகிறார்கள் என்று உனக்குத்தான் தெரியும். வாரம் தவறாமல் வருவோரின் டெக்குகளை வரிசையாக எழுதி அனுப்பு, உட்கார்ந்து பேசுவோம். அதற்குள் ஃபோர்ஸ் ஆஃப் வில்லை எடுத்துப் பெட்டியில் பூட்டு. தனியாக உட்கார்ந்து கையைப் பிரித்துப் பிரித்து முதல் மூன்று டர்னை மட்டும் ஆடிப் பார், எந்தக் கையை வைத்துக்கொண்டாய், எதை விட்டாய் என்று குறித்துவை. அந்தக் குறிப்பையும் சேர்த்தே அனுப்பு.

அன்புடன்,
குமார்