வீடு திரும்பியவர்களை யார் கவனிப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா காலத்தில் நாளிதழ்களில் ஒவ்வொரு நாளும் வெளிவந்த புள்ளிவிவரங்களில் ‘குணமடைந்து வீடு திரும்பியோர்’ என்றொரு வரி இருக்கும். அந்த எண்ணிக்கை கூடக்கூட என் மனமும் ஆறுதல் அடைந்தது. 2021 ஜூன் மாதத்தில் என் தம்பியும் அந்த எண்ணிக்கையில் ஒருவரான பிறகுதான், குணமடைவதும் வீடு திரும்புவதும் ஒன்றல்ல என்பது எங்கள் குடும்பத்துக்குப் புரிந்தது. மழைக்காலம் வந்தால் டெங்குவுக்கும் இன்ஃபுளூயன்சாவுக்கும் மருத்துவமனைப் படுக்கைகள் நிரம்புகின்றன. அங்கிருந்து வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்களின் அடுத்த சில வாரங்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை என்ற கவலையில் இதை எழுதுகிறேன்.

என் தம்பிக்கு அப்போது 54 வயது, விவசாயம் பார்ப்பவர். பதினொரு நாள் மருத்துவமனையில் இருந்தார். அதில் ஆறு நாள் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்த மருத்துவர்கள், செவிலியர்கள் மீது எங்களுக்கு இன்றும் நன்றி உண்டு. ஆனால், வீட்டுக்கு அனுப்பிய மாலையில் எங்கள் கையில் கிடைத்தது ஆங்கிலத்தில் அச்சடித்த மூன்று பக்க டிஸ்சார்ஜ் சீட்டும், மாத்திரைக் கவர்களின் மேல் பேனாவால் எழுதிய 1-0-1 என்ற எண்களும் மட்டுமே. அந்தச் சீட்டின் இரண்டாம் பக்கத்தில் ‘ஜி.ஆர்.பி.எஸ். மானிட்டரிங்’ என்று இருந்தது. விரல் நுனியில் குத்தி ரத்தச் சர்க்கரையைப் பார்த்து வர வேண்டும் என்பதைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள் என்று, முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்திய எனக்கே தெரியவில்லை. அவருக்கு அதற்கு முன் சர்க்கரை நோய் இருந்ததில்லை என்பதால் நாங்கள் அதைப் பற்றி யோசிக்கவும் இல்லை. ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரை பத்து நாளில் தீர்ந்தது. பேருந்து ஓடாத ஊரடங்கு நாட்கள் அவை. மறுபரிசோதனைக்குப் போவதும் தள்ளிப்போயிற்று.

பதினாறாம் நாள், பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்த கிராம சுகாதார செவிலியர், திண்ணையில் உட்கார்ந்திருந்த தம்பியின் கால்களைத் தற்செயலாகப் பார்த்தார். இரண்டு கால்களையும் சேர்த்து நீட்டச் சொன்னார். இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தோல் இழுத்துப் பளபளவென்று இருந்தது. தொட்டால் சூடாகவும் இருந்தது. “எத்தனை நாளா இப்படி இருக்கு அண்ணே?” என்று அவர் கேட்டதற்கு, படுத்தே கிடந்ததால் நீர் கோத்திருக்கிறது என்று தம்பி சாதாரணமாகச் சொன்னார். மூன்று நாட்களாக நல்லெண்ணெயைச் சூடு பண்ணி நாங்கள்தான் அந்தக் காலைத் தேய்த்துவிட்டுக் கொண்டிருந்தோம். அப்படித் தேய்ப்பது ரத்தக் கட்டியைப் பெயர்த்து நுரையீரலுக்கு அனுப்பிவிடக்கூடும் என்று அந்தச் செவிலியர் சொன்னபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. அன்றிரவே ஸ்கேன் எடுத்ததில், காலின் ஆழ்நாளத்தில் ரத்தம் உறைந்திருப்பதும், அதில் ஒரு பகுதி ஏற்கனவே நுரையீரலை எட்டியிருப்பதும் தெரிந்தது. ரத்தச் சர்க்கரை 340 இருந்தது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுத் தேறினார். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இல்லாமல் இருந்திருந்தால் அந்தச் செவிலியர் எங்கள் தெருவுக்கே வந்திருக்கமாட்டார் என்பதை நினைக்காத நாளில்லை.

இதை ஒரு குடும்பத்தின் கெட்ட நேரமாக எண்ணி விட்டுவிட முடியாது. கொரோனா கிருமி ரத்தக் குழாய்களின் உட்சுவரை அழற்சியுறச் செய்கிறது. அதோடு நாள் கணக்கில் அசையாமல் படுத்திருப்பதும் சேரும்போது ரத்தம் எளிதில் உறைகிறது. 2022-இல் வெளியான ஸ்வீடன் நாட்டு ஆய்வு, தொற்றுக்குப் பின் காலில் ரத்தம் உறையும் ஆபத்து மூன்று மாதம் வரையிலும், நுரையீரலில் அடைப்பு ஏற்படும் ஆபத்து ஆறு மாதம் வரையிலும் கூடுதலாக நீடிப்பதைக் காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படும் நிலையில் உயிர் காக்கும் ஸ்டீராய்டே சர்க்கரையை ஏற்றிவிடுகிறது. 2021 மே மாதத்தில் கரும்பூஞ்சை நோயை, மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழக அரசு அறிவித்த நாட்களை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடலில்தான் அந்தப் பூஞ்சை பெரும்பாலும் வேரூன்றியது. அவர்களில் பலர் கொரோனாவிலிருந்து மீண்டு வீட்டுக்குப் போனவர்கள்.

நம் நாட்டுக் கணக்கும் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 31 மருத்துவமனைகளிலிருந்து வீடு திரும்பிய 14,419 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஓராண்டுக்குள் 942 பேர், அதாவது நூற்றுக்கு 6.5 பேர், இறந்துபோனார்கள். இங்கிலாந்தில் வீடு திரும்பிய சுமார் 47,800 பேரைப் பற்றிய ஆய்வில், சராசரியாக 140 நாட்களுக்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். கொரோனாவோடு இது முடிந்துவிடவும் இல்லை. இன்ஃபுளூயன்சா உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பு ஏறக்குறைய ஆறு மடங்காக உயர்வதை, 2018-இல் வெளியான கனடாவின் ஒன்டாரியோ மாகாண ஆய்வு காட்டியது. அந்த ஏழு நாட்களுக்குள்ளாகவே வீட்டுக்கு வந்துவிடுகிறவர்களும் உண்டு.

எனக்கு வருத்தம் தருவது, இதற்கான வழிகாட்டுதல் இல்லாமல் போகவில்லை என்பதுதான். மத்திய சுகாதார அமைச்சகம் 2020 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறையில், வீடு திரும்பிய ஏழு நாட்களுக்குள் நேரிலோ தொலைபேசியிலோ முதல் மறுபரிசோதனை நடக்க வேண்டும் என்றும், கடும் காய்ச்சல், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, திடீர்க் குழப்பம், கை கால் பலவீனம் ஆகியவை தென்பட்டால் உடனே கவனிக்க வேண்டும் என்றும் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. எங்களுக்கு அப்படி ஓர் அழைப்பு வரவில்லை. நான் விசாரித்த பத்துப் பன்னிரண்டு குடும்பங்களில் யாருக்குமே வரவில்லை.

தமிழக அரசிடம் புதிதாக எந்தத் திட்டத்தையும் நான் கேட்கவில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர்கள், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்க வீடு வீடாக வருகிறார்கள். இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கிறது. கடுமையான வைரஸ் தொற்றுக்காகப் படுத்து எழுந்தவர்களின் பட்டியல் அந்தந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, தனியார் மருத்துவமனைகளிலிருந்தும் சேர்த்து, அன்றன்றே அனுப்பப்பட்டால் போதும். அந்த ஊழியர்கள் வரும் வழியில் இவர்களின் வீட்டுக்கும் வருவார்கள். ஒரு விரல் குத்தல், ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டர், இரண்டு கால்களையும் ஒப்பிட்டு ஒரு பார்வை: இதற்குப் பத்து நிமிடம் ஆகும். அதோடு, டிஸ்சார்ஜ் சீட்டின் முதல் பக்கம் தமிழில் இருக்க வேண்டும். எந்த மாத்திரை எத்தனை நாள், தீர்ந்தால் நிறுத்தலாமா, என்ன நேர்ந்தால் நள்ளிரவிலும் கிளம்ப வேண்டும் என்பது எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் விளங்க வேண்டும்.

கூலி வேலைக்குப் போகிறவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே மண்வெட்டி எடுக்கிறவர்கள் எங்கள் ஊரில் பலர். ஓய்வெடுத்தால் அடுப்பு எரியாது. 18 முதல் 45 வயது வரையுள்ளவர்களின் திடீர் மரணங்களைப் பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் செய்த மற்றோர் ஆய்வு, முன்பு கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்திருந்ததையும், இறப்பதற்கு முந்தைய இரண்டு நாட்களில் செய்த கடும் உடல் உழைப்பையும் ஆபத்துக் காரணிகளாகக் குறிப்பிட்டது. ஓய்வெடுக்கச் சொல்வதோடு, அந்த நாட்களுக்குரிய கூலிக்கு ஈடாக ஒரு சிறு உதவித்தொகையும் கிடைத்தால்தான் அந்த அறிவுரையை அவர்களால் கடைப்பிடிக்க முடியும்.

இவையெல்லாம் நடைமுறைக்கு வரும்வரை, நோயாளியை அழைத்து வரப் போகும் குடும்பத்தினர் தயங்காமல் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்: சர்க்கரையை எந்தெந்த நாளில் பார்ப்பது? ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை உண்டா, எதுவரை? ஸ்டீராய்டு இருந்தால் அதை எப்படிக் குறைப்பது? டெங்கு நோயாளியாக இருந்தால், ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் தாமாக வாங்கித் தரக்கூடாது என்பதையும், வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தக் கசிவு தென்பட்டால் அப்படியே திரும்ப அழைத்து வர வேண்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கினால் தேய்க்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை,
தஞ்சாவூர் மாவட்டம்.