லமாருக்கு அம்மா போட்ட மார்க்

ஓவிங்ஸ் மில்ஸ்
பிப்ரவரி 2025

அன்புள்ள கார்த்தி,

அன்றைக்கு நீ போனை வைத்ததும் அம்மா என்னைத்தான் பிடித்துக்கொண்டாள். "பையன் ஆபீஸ்ல நடந்ததைச் சொல்ல வந்தான். நீங்க லமார் ஜாக்சனைக் கட்டிக்கிட்டு அழறீங்க" என்றாள். அவள் சொன்னது சரிதான். அப்ரைசலில் ஐந்துக்கு மூன்று போட்டு, 'எதிர்பார்த்ததைச் செய்தார்' என்று எழுதியிருக்கிறார்கள் என்று நீ சொன்னாய். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. டிவியில் அமெரிக்க ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருது அறிவிப்பு வந்துகொண்டிருந்தது, சட்டென்று அதற்கும் நம்ம பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் லமாருக்கும் தாவிவிட்டேன். படிக்கப் போன பிட்ஸ்பர்கிலேயே வேலையும் கிடைத்து, அந்த ஊர் அணியான ஸ்டீலர்ஸின் முழு ஆளாகிவிட்ட நீயோ, "அவனுக்கு ஓடத்தான் தெரியும், எறியத் தெரியாது" என்றாய். அதற்கப்புறம் இரண்டு பேரும் கத்தியதுதான் மிச்சம்.

இந்தப் பேச்சு 2018-லிருந்தே இருக்கிறது. புது ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கிற அந்த வருட டிராஃப்டில், லமாருக்கு முன்னால் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்குகள் நான்கு பேரை எடுத்தார்கள். முதல் சுற்றின் கடைசி ஆளாக, 32-வதாகத்தான் நம்ம ரேவன்ஸ் இவனை எடுத்தது. பில் போலியன் மாதிரி அணிகளை நடத்திப் பழம் தின்று கொட்டை போட்டவரே, இவன் பந்தைப் பிடிக்கிற ரிசீவராக மாறிவிடலாம் என்றார். அடுத்த வருடம் மயாமியில் முதல் மேட்ச் ஞாபகம் இருக்கிறதா? நீ பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாய். லமார் எறிந்த 20 பாஸில் 17 சேர்ந்தது, 324 யார்டு, எல்லைக்கோட்டைத் தாண்டிய டச்டவுன் 5. எறிகிறவனுக்குப் போடுகிற பாஸர் ரேட்டிங் 158.3, அதற்கு மேல் அந்தக் கணக்கில் இடமே கிடையாது. ஓடத்தானே தெரியும் என்றவர்களைக் குத்தி மேட்ச் முடிந்ததும் அவன் ஒரு வார்த்தை சொன்னான். நீ சோபாவிலிருந்து குதித்தாய். இன்றைக்கு ஸ்டீலர்ஸின் மஞ்சள் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு எனக்கே பாடம் எடுக்கிறாய்.

சரி, என் பக்கத் தப்பையும் சொல்கிறேன். போனில் நான் 119.6, 119.6 என்று உன் தலையில் தட்டிக்கொண்டே இருந்தேன். 41 டச்டவுன், எதிரணி பறித்த இன்டர்செப்ஷன் 4, 4,172 யார்டு என்று இந்த சீசனில் அவன் எடுத்த ரேட்டிங் அது. ஆனால் அந்த ரேட்டிங் 1973-ல் போட்ட சூத்திரம். சேர்ந்த பாஸ், யார்டு, டச்டவுன், இன்டர்செப்ஷன் என்று நாலே நாலைத்தான் பார்க்கும். நேற்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒருவன் மேட்ச் முழுக்க எல்லாப் பந்தையும் தரையில் அடித்தாலும், இன்டர்செப்ஷன் ஆகவில்லை என்பதற்காகவே 39.6 வந்துவிடுகிறது! அக்டோபரில் சின்சினாட்டியில் கைக்கு வந்த பந்தைத் தவறவிட்டு, பொறுக்கி, வலது பக்கம் ஓடி, பிடிக்க வந்த எதிரணி ஹப்பர்டை ஒரு கையால் தள்ளிவிட்டு, ஓடுகிற ஓட்டத்திலேயே நம்ம லைக்லிக்கு எறிந்தானே, அதைப் பற்றி ரேட்டிங்கிடம் கேள். தவறவிட்டதும் அதில் இல்லை, தள்ளியதும் இல்லை. ஒரு பாஸ், ஒரு டச்டவுன், அவ்வளவுதான்.

போனில் நீ சொன்ன பிஎஃப்எஃப் கிரேடு, ப்ரோ ஃபுட்பால் ஃபோகஸ் கம்பெனி போடுகிற மார்க், வேறு வழி. ஒரு இங்கிலாந்துக்காரர் தொடங்கியது அது. தன் ஊர் ஃபுட்பாலை விட்டுவிட்டு இதில் ஏன் விழுந்தாரோ. வீடியோவைப் பார்த்து, மேட்சில் பந்தை ஆடுகிற ஒவ்வொரு தடவைக்கும் மைனஸ் இரண்டிலிருந்து பிளஸ் இரண்டு வரை, அரை அரையாக மார்க். செய்ய வேண்டியதைச் செய்தால் பூஜ்யம். 2015-ல் கிரீன் பேயின் குவார்ட்டர்பேக் ஆரன் ராஜர்ஸ் கான்சஸ் சிட்டியை 5 டச்டவுன் எறிந்து அடித்தபோது, மேட்சுக்கு மொத்தமாக அவர்கள் கொடுத்தது மைனஸ் 0.8. அன்றைக்கு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவற்றில் சில குட்டிப் பாஸ், மீதி வேலையைப் பிடித்தவன் பார்த்துக்கொண்டான் என்பது அவர்கள் வாதம். இப்போது யோசித்தால் முழுக்க அபத்தமாகத் தெரியவில்லை.

அதனால் போன சனிக்கிழமை, நம்ம ரேவன்ஸ் தோற்று சீசனை முடித்த பஃபலோ மேட்சை மறுபடி போட்டு, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மாவும் வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு பாஸாக நிறுத்தி, இரண்டு பேரும் தனித்தனியாக மார்க். முதல் கால்பகுதியில் இன்டர்செப்ஷன் ஆனதே, அதற்கு நான் யோசிக்காமல் மைனஸ் இரண்டு போட்டேன். அம்மா போடவில்லை.

"அந்தப் பிடிக்கிற பையனை எங்கே போகச் சொல்லியிருந்தாங்க?" என்றாள்.

"அது நமக்கு எப்படித் தெரியும்?"

"அப்போ எதை வச்சு மார்க் போட்டீங்க?"

பிஎஃப்எஃப் மேல் கோச்சுகள் சொல்கிற குற்றச்சாட்டு அது. எந்தத் திட்டத்தைச் சொல்லி அனுப்பினார்கள் என்பது வீடியோவில் தெரியாது. ரிசீவர் தப்பாகத் திரும்பினானா, எறிந்தவன் தப்பாகக் கணித்தானா என்பது உள்ளே இருப்பவனுக்குத்தான் வெளிச்சம். அம்மா அதை ஒரு முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டுவிட்டாள். நான் மைனஸ் இரண்டை அடித்து மைனஸ் ஒன்றாக்கினேன். அதுவும் குத்துமதிப்புதான்.

கடைசியில், டச்டவுனுக்கு அப்புறம் கூடுதலாக எடுக்கப் பார்க்கிற இரண்டு பாயின்ட் முயற்சிக்கு வந்தோம். பஃபலோ 27, நாம் 25, ஒன்றரை நிமிடம் மிச்சம், பனி கொட்டுகிறது. லமார் வலது பக்கம் எறிகிறான், நம்ம ஆண்ட்ரூஸின் கைக்குப் போய் நழுவுகிறது. சேர்ந்திருந்தால் 27-27. வேடிக்கை என்னவென்றால், இரண்டு பாயின்ட் முயற்சியில் எறிகிற பாஸ் பாஸிங் கணக்கிலேயே சேராது. அன்றைய மேட்சில் 25-க்கு 18 என்று இருக்கிறதே, அதில் இது இல்லை. சீசனையே முடித்த பாஸ் கணக்கில் கிடையாது!

அப்புறம் அந்த எம்விபி. 50 பேர் ஓட்டில் பஃபலோவின் குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலனுக்கு 27 முதலிடம், லமாருக்கு 23. அதே குழு, வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர்களைச் சேர்த்துப் போடுகிற ஆல்-புரோ அணிக்கு முதல் குவார்ட்டர்பேக்காக லமாரைத்தான் எடுத்தது. யார் நன்றாக ஆடினான் என்று கேட்டால் இவன், யாரால் அணி வாழ்ந்தது என்று கேட்டால் அவன் என்று எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

இங்கேதான் உன் மூன்று எனக்கு ஞாபகம் வந்தது. உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. நான் வேலையில் இருந்தபோது எட்டுப் பேருக்கு மார்க் போட்டவன். ஐந்து ஒருவருக்குத்தான், நான்கு இரண்டு பேருக்குத்தான் என்று மேலே இருந்து கணக்கு வந்துவிடும். ஒரு வருடம் என் குழுவில் ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் எடுக்கிற பையன் ஒருவன் இருந்தான். நான்கு தீர்ந்துவிட்டது, அவனுக்கு மூன்று போட்டேன். காரணத்தை அவனிடம் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. அடுத்த கோடையில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். கடைசி நாள் கை கொடுத்தபோது அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. நீ போனில் மூன்று என்றதும் எனக்கு வந்தது அவன் முகம்தான். அதனால்தான் பேச்சை மாற்றினேன்.

உன் மேனேஜரும் அப்படித்தான் என்று சொல்லவில்லை. நிஜமாகவே அவர் எதையோ பார்த்திருக்கலாம். கோபம் ஆறியதும் போய்க் கேள்: எந்த வேலையை வைத்து மூன்று, நான்கு வாங்குகிறவன் என்ன செய்கிறான் என்று. மழுப்பினால் அது கோட்டா. ஒரு வேலையைக் குறித்துச் சொன்னால், கவனித்துக் கேட்டு எழுதி வைத்துக்கொள்.

மார்ச்சில் வருவதாகச் சொன்னாய். அம்மா உனக்கு முறுக்கு எடுத்து வைத்திருக்கிறாள், நான் தொடக்கூடாதாம். நோட்டில் நான், அம்மா, கார்த்தி என்று மூன்று கட்டம் போட்டிருக்கிறேன். ஆண்ட்ரூஸுக்குப் போன பாஸுக்கு நான் பிளஸ் அரை, அம்மா பிளஸ் ஒன்று. வந்து மேட்சைப் பார்த்துவிட்டு உன் மார்க்கைப் போடு. ஸ்டீலர்ஸ் சட்டையோடு வந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அப்பா