வாரத்துக்கு 45 நிமிடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் வளரும் பிள்ளைகள் கர்நாடக சங்கீதம் கற்றுக்கொண்டாலும் அவர்கள் வாசிப்பில் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது, சரியாக வருவதில்லை என்று உங்கள் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்திருந்தது. 12 வருடங்களாக வெளிநாட்டில் வயலின் சொல்லிக்கொடுக்கிறவள் நான், இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. பல பிள்ளைகள் விஷயத்தில் அது உண்மைதான், நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அவர்கள் வளரும் ஊரைக் காரணம் சொல்லிக் கட்டுரையை முடித்தது தவறு. அந்தக் குழந்தை வாரத்தில் எவ்வளவு நேரம் இந்தச் சங்கீதத்தைக் காதில் வாங்குகிறது என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

நான் போட்டுப் பார்த்தேன். வகுப்பு 45 நிமிடம். உட்கார்ந்து பெட்டியைத் திறந்து சுருதி சேர்ப்பதற்குள் 10 நிமிடம் போய்விடும், குளிர்காலம் என்றால் இன்னும் கூட, ஏனென்றால் வீட்டைச் சூடாக்குவதில் காற்று வறண்டு மரம் சுருங்கித் தந்தியை முறுக்கும் பிருடைகள் வழுக்க ஆரம்பித்துவிடும், பெட்டியைத் திறந்தால் தந்திகள் தொளதொளவென்று கிடக்கும். மீதி 35 நிமிடம். அடுத்த சனிக்கிழமை வரைக்கும் அந்த வீட்டில் வேறு என்னென்னவோ பாட்டு ஒலிக்கும், இது மட்டும் ஒலிக்காது.

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் பள்ளியிலும் மேற்கத்திய முறையில் வயலின் படிக்கிறார்கள். கையில் இருப்பது ஒரே வயலின். பள்ளியில் அடுத்தடுத்த தந்திகள் எல்லாமே பஞ்சம (ச-விலிருந்து ப வரை) இடைவெளியில் இருக்கும், நமக்கோ ச-ப-ச-ப, அதனால் நடு இரண்டு தந்திகளுக்கு இடையே மத்தியம (ச-விலிருந்து ம வரை) இடைவெளிதான் வரும். ஆகவே சனிக்கிழமை எனக்காகத் தளர்த்தி, ஞாயிறு மாலை பள்ளிக்காக மறுபடி ஏற்றி, வாரா வாரம் இதே வேலை. இழுத்து இழுத்துத் தந்தி அறுந்துபோகிறது, தந்திகளைத் தாங்கும் குதிரை ஒரு பக்கம் சாய்கிறது. முடிந்த பெற்றோரிடம் இரண்டாவதாக ஒரு சாதாரண வயலின் வாங்கிவிடுங்கள் என்று சொல்கிறேன்.

பிடிக்கும் முறையும் வேறு. பள்ளியில் நின்றோ நாற்காலியில் உட்கார்ந்தோ தாடையால் அழுத்திப் பிடித்து வாசிக்க வேண்டும். நம் முறையில் தரையில் உட்கார்ந்து வயலினின் தலையை வலது காலில் ஊன்றிக்கொள்கிறோம், அப்போது இடது கைக்கு வயலினைத் தாங்கும் வேலை இல்லை, விரல் தந்தியில் தாராளமாக ஏறி இறங்கலாம். கமகம் பிறப்பதே அந்தச் சுதந்திரத்தில்தான். பள்ளியில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஓர் இடம், விரல் அங்கே போய் நேராக நிற்க வேண்டும் என்று நல்ல ஆசிரியர்கள் பொறுமையாகப் பழக்குகிறார்கள். அதே விரலை நான் சனிக்கிழமை அசைக்கச் சொல்கிறேன். குழந்தை குழம்பத்தானே செய்யும்?

பள்ளியில் ஆரம்பத்திலேயே வரும் மேஜர் ஸ்கேல் என்ற ஸ்வர வரிசையும் நம் சங்கராபரண ராகத்தின் ஆரோகணமும் (ஏறு வரிசை) ஸ்வரக் கணக்கில் ஒன்றுதான். "இது எனக்குத் தெரியும் ஆன்ட்டி" என்று சந்தோஷமாக வாசித்துக் காட்டுவார்கள். ஏழு ஸ்வரமும் இருக்கும், ராகம் இருக்காது. எழுதிக் கொடுங்கள் என்பார்கள், எழுதியும் கொடுக்கிறேன், ஆனால் தாளில் 'ரி' என்று எழுதினால் அந்த ரி எங்கிருந்து கிளம்பி எதைத் தொட்டுவிட்டு வருகிறது என்பது எழுத்தில் வராது. அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும், ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, நூறு தடவை.

ஒரு பெண் குழந்தை, ஒன்பது வயது. பள்ளி வயலின், நீச்சல், எல்லாம் உண்டு, வீட்டுப் பயிற்சியும் மற்றவர்களைவிடக் குறைவு. தோடி ராக வர்ணம் ஆரம்பித்த அன்று காந்தாரத்தை ('க' ஸ்வரத்தை) எப்படி அசைக்க வேண்டும் என்று நான் விளக்க வாயைத் திறப்பதற்குள் அவள் விரல் தானாக அசைந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அப்புறம் அவள் அப்பாவிடம் விசாரித்தேன். பள்ளிக்குக் காரில் போகும்போதும் வரும்போதும் கச்சேரிப் பதிவு ஓடிக்கொண்டே இருக்குமாம், சின்ன வயதிலிருந்தே. "யாரும் கவனித்துக் கேட்பதில்லை, சும்மா ஓடும்" என்றார். அந்தச் சும்மா ஓடியதுதான் அவளுக்குப் பாதிப் பாடம்.

இணையம் வழியாகத் தாய்நாட்டுக் குருவிடம் படித்தால் சரியாகிவிடும் என்றும் கட்டுரை சொல்கிறது. தொலைவில் இருக்கும் மாணவர்கள் சிலருக்கு நானும் அப்படி எடுக்கிறேன், உதவிதான், ஆனால் அதன் குறையையும் சொல்ல வேண்டும். ஒலி போய்ச் சேரத் தாமதமாவதால் குருவும் சிஷ்யையும் சேர்ந்து வாசிக்க முடியாது, சேர்ந்து வாசிப்பதுதான் நம் முறையின் உயிரே. பல செயலிகள் தம்பூராவை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும், அமைப்புகளில் போய் மாற்றி வைக்கும் வரை குழந்தை சுருதியே இல்லாமல் வாசித்துக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுகிறார்கள், இந்தியாவில் மாற்றுவதே இல்லை, அந்த மாதத்தில் யாருக்கு எத்தனை மணிக்கு வகுப்பு என்பதைச் சரிபார்ப்பதே தனி வேலை.

இன்னொன்று. வயலினே வெளியிலிருந்து வந்ததுதானே? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் சென்னையில் ஒரு ஐரோப்பியரிடம் கற்றுக்கொண்டு நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார், இருநூறு வருடம் ஆகிறது. தஞ்சை நால்வர் என்ற இசை, நாட்டியச் சகோதரர்களில் ஒருவரான வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் சுவாதித் திருநாள் மகாராஜா 1834-ல் தந்தத்தில் ஒரு வயலினே பரிசளித்தார். அமெரிக்காவில் பிறந்த ஜான் ஹிக்கின்ஸ் அங்கேயே பல்கலைக்கழகத்தில் நம் சங்கீதத்தைப் படிக்க ஆரம்பித்து, பிறகு இந்தியாவுக்கு வந்து புல்லாங்குழல் வித்வான் டி. விஸ்வநாதனிடம் கற்றவர், அப்புறம் அவரை நம் ரசிகர்களே பாகவதர் என்று அழைத்தார்கள். பிறந்த இடம் தடை என்றால் இதில் எதுவும் நடந்திருக்காது.

ஆசிரியர்கள் பக்கமும் குறை இருக்கிறது. நாள் முழுக்க ஆரம்பப் பாடங்களைக் கேட்டுக் கேட்டு நம் காதே மழுங்கிப் போகிறது. பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு கூடாது என்று விடியற்காலையில் குதிரை மேல் ரப்பர் மியூட் மாட்டிக்கொண்டு வாசிக்கிறேன், சத்தம் கொசு மாதிரி வருகிறது, ஆனாலும் அந்த ஒரு மணி நேரத்தை விட்டுவிட்டால் மாணவர்களுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் மிஞ்சாது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஞாயிறு இதழில் வாரம் ஒரு ராகம் என்று அரைப் பத்திக்கு இடம் ஒதுக்குங்கள். ராகத்தின் பெயர், அதை நன்றாகப் பாடிய, வாசித்த இரண்டு மூன்று பேரின் பெயர், எந்த ஸ்வரத்தில் காதை வைத்துக் கேட்க வேண்டும் என்று ஒரு வரி, அவ்வளவு போதும். சங்கீதம் தெரியாத பெற்றோரும் அதைப் பார்த்துத் தேடி எடுத்து வீட்டிலும் காரிலும் அந்த வாரம் முழுக்க ஓடவிடலாம். இணையத்தில் உங்கள் பத்திரிகையைப் படிக்கும் பெற்றோர் என் வகுப்பிலேயே பலர் இருக்கிறார்கள், நானும் வாரா வாரம் அதை ஒட்டியே பாடம் வைக்கிறேன். முதல் வாரமே தோடி வேண்டாம், மோகனத்தில் ஆரம்பிக்கலாம்.

இப்படிக்கு,
வெளிநாட்டில் வாழும் ஒரு வயலின் ஆசிரியை